சம்பந்தி வண்டியின் முன்பக்கம்

அந்த எஞ்சினுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர், எழுத்தும் எண்ணுமாக ஒரு தகட்டில் இருந்தது. பழைய இரும்புக் கிடங்கில் யாரும் அதை அப்படிக் கூப்பிடவில்லை. சம்பந்தி வண்டி என்றார்கள். பார்த்தவுடன் காரணம் விளங்கிவிடும். நடுவில் ஒரு பாய்லர். அதன் அடியில் சக்கரமே கிடையாது. பாலம் மாதிரித் தொங்குகிறது. இந்தப் பக்கம் ஒரு எஞ்சின் அதைத் தாங்குகிறது, அந்தப் பக்கம் இன்னொரு எஞ்சின். இரண்டுக்கும் தனிச் சக்கரம், தனி சிலிண்டர், தனிப் போக்கு. வளைவு வந்தால் இது ஒரு திசை திரும்பும், அது வேறு திசை திரும்பும். நடுவில் இருப்பது மட்டும் தன் ஆவியை இரண்டு வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டு, இரண்டு பேரும் பிரிந்து போகாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கல்யாணம் ஆனவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதை ஏலத்தில் எடுத்தவர்களும் சம்பந்திகளே. பெண்ணைக் கொடுத்தவர் செம்பு, பித்தளை வியாபாரி. ஊருக்கு அவர் செம்புக்காரர். பையனைப் பெற்றவர் இரும்புக்காரர். தனித்தனியாக நின்றால் ஒருவருக்கொருவர் விலையை ஏற்றிவிடுவோம் என்று பயந்து கூட்டாக எடுத்தார்கள். கரி எரியும் நெருப்புப் பெட்டியின் செம்புத் தகடு ஒருவருக்கு, இரும்பெல்லாம் மற்றவருக்கு என்று அப்போது பேச்சு. அந்தக் கிடங்கில் அதற்கு முன்னால் பல எஞ்சின்கள் வந்து கண்ணை மூடியிருந்தன. இடுப்பில் தண்ணீர்த்தொட்டி கட்டிக்கொண்ட குட்டி எஞ்சின்கள், கரிவண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்த நீளமூக்குக்காரர்கள், பிற்பாடு டீசல்கள். எதற்காகவும் யாரும் மூக்கைச் சிந்தியதில்லை. தண்டவாளத்தில் நிற்கும் வரைதான் எஞ்சின். தராசில் ஏறிவிட்டால் சரக்கு.

இதை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் பாய்லர்க்காரி. செம்புக்காரருக்கு மகள், இரும்புக்காரருக்கு மருமகள். பாய்லர் வேலைக்குச் சான்றிதழ் வாங்கி, ஒரு நூற்பாலையில் குழாய் மாற்றியும் ஓட்டை அடைத்தும் பழகியவள். "வெட்டினா எடைக்குத்தான் போகும். ஓடுச்சுன்னா வண்டியா போகும். கொஞ்சம் பொறுங்க" என்று இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாள். வியாபாரிகளுக்குப் பொறுமை புதிதல்ல. விலை ஏறும் என்றால் தூசியைக்கூட மூட்டை கட்டி வைப்பார்கள். அவள் பாய்லரின் பழைய குழாய்களை உருவிப் புதியவை செருகினாள். தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதித்து, கசிந்த இடத்தை எல்லாம் அடைத்தாள். கிடங்கில் எடை பார்க்கும் அவள் கணவன், வேலை முடிந்ததும் வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஒரு மலை ரயிலில் இதே ஜாதி எஞ்சின் ஒன்று இருப்பதாகவும், அதற்குத் துணை தேடுவதாகவும் கேள்விப்பட்டு, அங்கே இருந்த பொறியாளருக்குத் தகவல் அனுப்பியதும் அவள்தான். வண்டி அங்கே போக வேண்டும், அதன் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தானும் கூடவே போக வேண்டும். இதுதான் அவளுடைய எண்ணம். கணவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மற்றவர்களிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்த இரண்டு வீட்டிலும் ஆசைப்பட்டதை வாயால் சொல்கிற பழக்கம் கிடையாது. சொன்னால் விலை ஏறிவிடும். சின்னப் பிள்ளைகூடத் தட்டில் இருப்பதைப் பார்த்து, "இது ஒண்ணும் அவ்வளவு நல்லா இருக்காது, வீணாப் போகுதுன்னா குடுங்க" என்றுதான் கேட்கும். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு மாப்பிள்ளை, "பரவாயில்ல" என்றான். அதைக் கேட்டுத்தான், பையன் விழுந்துவிட்டான் என்று இரண்டு குடும்பமும் கல்யாணத்தை முடித்தன.

பிறகு சண்டை வந்தது. ஒரு சாப்பாட்டு நேரத்தில் செம்புக்காரர், "நம்ம சம்பந்தி தராசுக்கு இரக்க மனசு. வாங்கும்போது குறைஞ்சு அழும், விக்கும்போது கூடிச் சிரிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் தப்பாகப் போனது. தராசைப் பற்றித் தனியாகச் சொன்னால் கோபம்; சபையில் சொல்லி நாலு பேர் சிரித்தால் பகை. இரும்புக்காரர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, "கூட்டு போதும். பிரிச்சுக்கலாம்" என்றார்.

கிடங்கில் இருந்ததெல்லாம் சுலபமாகப் பிரிந்தது. சம்பந்தி வண்டியில்தான் இழுபறி. பாய்லரில் செம்பு இருப்பதால் செம்புக்காரர் கேட்டார். செம்பைச் சுற்றி இரும்பு இருப்பதால் இரும்புக்காரர் கேட்டார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், அது யாருக்குப் போனாலும் மற்றவருக்குத் தோல்வி என்பதால், "நடுவுல இருக்கறது பிள்ளைங்களுக்கு" என்று முடித்தார்கள். பாசத்தால் கிடைத்த பரிசு அல்ல அது. எதிரிக்குப் போகாமல் தடுத்த பரிசு. பாய்லர்க்காரி அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

மிச்சம் இரண்டு எஞ்சின்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் புகைபோக்கிப் பக்கத்து எஞ்சின், ஓய்வுக்கு வருவதற்குச் சற்று முன்னால் பட்டறைக்குப் போய் வந்தது. அச்சு உருளும் இடங்களில் புது வெண்கலம், சக்கரங்களுக்குத் தடித்த புது வளையம். கரித்தொட்டிப் பக்கத்து எஞ்சினில் எல்லாம் தேய்ந்தது. இது இரண்டு பேருக்கும் தெரியும். தனக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

பேச்சு கிடங்கு அலுவலகத்தில் நடந்தது. செம்புக்காரர்தான் ஆரம்பித்தார்.

"எனக்கு வயசாச்சு சம்பந்தி. எது வந்தா என்ன. ஒதுக்குப்புறமா இருக்கற பின்பாதிய குடுத்துடுங்க, போதும்."

இரும்புக்காரர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். மனத்தில் சந்தோஷம் வந்தால் அவர் எதையாவது படிப்பார். "அதெப்படி. நீங்க பொண்ணு குடுத்தவர். நல்லதா உங்களுக்குத்தானே வரணும்."

"வேணாம். முன்பாதி உங்களுக்கே இருக்கட்டும்."

"நீங்க இவ்வளவு வற்புறுத்தினா நான் என்ன செய்ய முடியும். மனசில்லாமத்தான் எடுத்துக்கறேன்."

கை குலுக்கினார்கள். பேரம் முடிந்தால் ஒருவராவது வயிறெரிய வேண்டும். அதுதான் நல்ல பேரத்துக்கு அடையாளம். இங்கே இரண்டு பேரும் முகமலர்ச்சியோடு போனார்கள். இரும்புக்காரரின் மகனான தராசுக்காரன் அதைப் பார்த்துவிட்டு, "எங்கயோ உதைக்குது" என்றான்.

மறுநாள் காலை, வெட்டுகிறவர் வந்தார். கேஸ் கட்டர் பிடித்துப் பிடித்து அவர் சட்டை முழுக்கப் பொத்தல். பொறி என்றுதான் பெயர். இரண்டு முதலாளிகளும் முந்தின நாளே அவரைத் தனித்தனியாகப் பார்த்து வேலை சொல்லியிருந்தார்கள். அவர் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் புகைபோக்கிப் பக்கம் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆரம்பிங்க" என்றார் இரும்புக்காரர்.

"ஆரம்பிங்க" என்றார் செம்புக்காரர்.

"யாருக்குன்னு ஆரம்பிக்கறது?" என்றார் பொறி. "ரெண்டு பேருமே இதைத்தான் காட்டினீங்க. ஒரே ஆட்டை ரெண்டு வீட்டுக்கும் அறுக்க முடியாது."

இரும்புக்காரர் சிரித்தார். "சம்பந்தி, உங்களுது அந்தப் பக்கம். பின்பாதிதானே கேட்டீங்க."

"அதான் இங்க நிக்கறேன். இதுதான் பின்பாதி."

"புகைபோக்கி இருக்கற பக்கம் பின்பக்கமா?"

"இந்த வண்டிக்கு அப்படித்தான்" என்றார் செம்புக்காரர், நிதானமாக. "இது ஓடின பாதையில சுரங்கம் ஜாஸ்தி. புகைபோக்கி முன்னாடி போனா, புகையெல்லாம் ஓட்டறவன் மூஞ்சியில. அதனால கரித்தொட்டிய முன்னாடி விட்டுத்தான் ஓட்டுவாங்க. அதுல வேலை பார்த்தவங்க எல்லாருக்கும் கரிப்பக்கம்தான் முன்பக்கம். உங்க முன்பாதி அங்க இருக்கு, போய் வெட்டிக்குங்க."

"மூக்கு எங்க இருக்கோ அதுதான் சம்பந்தி முன்னாடி. உங்களுக்கு மூக்கு முதுகுலயா இருக்கு?"

"நண்டுக்கு எது முன்னாடின்னு கேட்டுட்டு வந்து என்கிட்ட பேசுங்க."

இரும்புக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது: முந்தின நாள் 'வேணாம், வேணாம்' என்று சொல்லிக்கொண்டே சம்பந்தி புது வெண்கலத்தை மடியில் கட்டிக்கொண்டார். செம்புக்காரருக்கும் புரிந்தது: 'மனசில்லாம' எடுத்துக்கொண்டவர் மனசார எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏமாற்றியது பற்றி இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. ஏமாற்றப்பட்டதுதான் பொறுக்கவில்லை.

தராசுக்காரன் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டான். "இந்தச் சுரங்கக் கதைய உங்கப்பாவுக்கு யார் சொன்னது?"

"நான்தான். சும்மா பேசிட்டிருந்தப்ப."

"எங்கப்பாகிட்ட சொல்லலையா?"

"மாமா கேக்கல." அவள் கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்தாள். "ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்னு நினைச்சேன். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்தா இந்நேரம் ஒரு பாதி தரையில கிடக்கும்."

அவன் பிறகு தராசைத் துடைக்கப் போனான்.

மலை ரயில் பொறியாளர் மறுநாள் வருவதாக இருந்தது. இரண்டு பெரியவர்களும் அதற்குள் சமாதானமாகி வெட்ட ஆரம்பித்துவிட்டால் வேலை கெட்டது. ஆகவே பாய்லர்க்காரி காலதாமதம் செய்யவில்லை. ஏணியில் ஏறி எஞ்சின் அறைக்குள் போய், நெருப்புப் பெட்டிக்குள் கட்டைகளை அடுக்கினாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் மாமனார் கீழேயிருந்து.

"நெருப்பு மூட்டறேன் மாமா."

"யாரைக் கேட்டு?"

"பாய்லர் எங்களுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. என் பாத்திரத்துல நான் தண்ணி காய வைக்கறேன்."

இரும்புக்காரர் ஒரு நாற்காலியைத் தேடிக்கொண்டு போனார். பாகம் பிரித்தவரே அவர். பொறி தன் சிலிண்டர் வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளினார். "ஆவி ஏறுற பாய்லர் பக்கத்துல நான் கட்டர் வைக்கமாட்டேன்" என்றார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பொண்டாட்டி உங்க ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டா. அவளுக்குப் பயந்துதான் சொல்றேன்."

அவ்வளவு பெரிய பாய்லரை அவசரப்படுத்த முடியாது. சீக்கிரம் சூடேற்றினால் இரும்பு ஒரு வேகத்தில் விரியும், செம்பு வேறு வேகத்தில் விரியும். இடையில் இருப்பது தெறித்துவிடும். அன்று முழுவதும் சின்ன நெருப்பாகவே வைத்தாள். புகைபோக்கியின் இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி. ஆளுக்கொரு குடையோடு பெரியவர்கள் காவல் உட்கார்ந்தார்கள். நேராகப் பேசுவதில்லை. பொறிதான் தபால்காரர்.

"அவர்கிட்ட சொல்லுங்க, வெயில் இந்தப் பக்கம் வருது, நாற்காலிய நகர்த்திக்கச் சொல்லி."

"நகர்ந்தா எடத்தைப் பிடிச்சுக்கலாம்னு பாக்கறாரா, கேளுங்க."

"ரெண்டும் கேட்டுச்சு, ரெண்டு பேருக்கும்" என்றார் பொறி. "எனக்கு டீ வேணும். அதை யார் சொல்றீங்க?"

பொறியாளர் மறுநாள் பகலில் வந்தார். ஒல்லியான மனிதர், எதைப் பார்த்தாலும் பிடிக்காத மாதிரி முகம். செம்புக்காரர் அதைப் பார்த்து, "பேரம் தெரிஞ்ச ஆள்தான்" என்று முனகினார். பொறியாளர் பாய்லரைச் சுற்றி வந்தார், சக்கரங்களுக்கு நடுவே குனிந்தார், ஆவிக்குழாய் திரும்புகிற மூட்டில் கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மேலே ஏறி அவளிடம், "நகர்த்துங்க" என்றார்.

கிடங்கின் பக்கவாட்டுத் தண்டவாளம் கொஞ்ச தூரம் நேராகப் போய், சுவரோரம் கடுமையாக வளையும். அவள் சிலிண்டர்களின் வடிகால்களைத் திறந்து, ஆவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் கைப்பிடியைக் கொஞ்சமாக இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். இரண்டு எஞ்சின்களின் பக்கவாட்டிலும் வெள்ளையாக ஆவி சீறியது. சம்பந்திகள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்கள்.

"என் பாதிய யாரைக் கேட்டு நகர்த்தறே?" என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் வந்தது. அதுவும் அவர்கள் கை வைத்துக் காட்டியது ஒரே பாதி.

வண்டி நகர்ந்தது. முதலில் இரண்டு எஞ்சின்களின் மூச்சும் சேர்ந்து விழுந்தது; பிறகு ஒன்று பிந்தியது, மறுபடி சேர்ந்தது. வளைவில் ஒரு எஞ்சின் சுவர்ப்பக்கம் திரும்பியது, மற்றது இன்னும் நேர்க்கோட்டிலேயே இருந்தது. நடுவில் பாய்லர் அந்த வளைவின் குறுக்கே நேர்க்கோலாகப் போனது. சக்கர விளிம்புகள் கிறீச்சிட்டன. எதுவும் தடம் புரளவில்லை. பொறியாளர் நீர்மட்டக் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரம் அலுவலகத்தில் தொடங்கியது. அங்கேதான் ஒரு விசித்திரம் நடந்தது. வாங்க வந்தவன் என்று ஒருவன் எதிரில் உட்கார்ந்ததும், இரண்டு சம்பந்திகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எங்களுக்கு விக்கற எண்ணமே இல்ல" என்றார் இரும்புக்காரர்.

"பேரப்பிள்ளைங்க ஏறி விளையாடட்டும்னு வச்சிருக்கோம்" என்றார் செம்புக்காரர்.

"பேரப்பிள்ளைங்க எங்க?"

"வரும்."

பொறியாளர் தலையை ஆட்டினார். "வண்டி நகருது, இல்லேங்கல. ஆனா எங்ககிட்ட இருக்கறதே பாதி நாள் நிக்குது. பாய்லர் பாத்துக்கற ஆள் போயிட்டார். இன்னொண்ணையும் கொண்டுபோய் நிறுத்தி வச்சு என்ன பண்றது? ஏதோ வந்துட்டோமேன்னுதான் விலை சொல்றேன்." சொன்னார். மோசமான விலை இல்லை. ஆகவே சம்பந்திகள் இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தார்கள். இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஏறும் என்று செம்புக்காரரின் முழங்கை இரும்புக்காரருக்குச் சொன்னது. குடையோடு காவல் உட்கார்ந்ததிலிருந்து முதல் நேரடிப் பேச்சு.

பாய்லர்க்காரி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்கு விளங்கியது. பேரம் இப்படியே நன்றாகப் போகும். வண்டி நல்ல விலைக்கு மலைக்குப் போகும். அவள் இங்கே நின்று கையசைப்பாள்.

"அந்த வேலை எனக்கு வேணும்" என்றாள்.

பொறியாளர் திரும்பினார்.

"வண்டி உங்ககிட்ட வரணும்னுதான் இவ்வளவு நாள் அதுல கிடந்தேன். வேற யாருக்கும் போகக்கூடாது. அதோட நானும் வரணும். உங்க பழைய வண்டியையும் நானே பாத்துக்கறேன்."

இரும்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். செம்புக்காரர் பல்வலிக்காரரைப் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வீட்டிலும் எத்தனையோ பேர் எத்தனையோ முட்டாள்தனம் செய்திருக்கிறார்கள். வாங்குகிறவன் முகத்துக்கு நேராக 'உனக்குத்தான் கொடுக்க ஆசை' என்று யாரும் சொன்னதில்லை.

பொறியாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "அப்படின்னா நான் சொன்ன விலை ஜாஸ்தி."

"இருக்கலாம். அதை அவங்ககிட்ட பேசிக்குங்க. என்கிட்ட வேலையைப் பத்திப் பேசுங்க."

"மலையில குளிரு. வருஷத்துல பாதி மழை. வேலைக்காரங்களுக்குக் குடுக்கற வீடு பழசு."

"கூரை இருக்கா?"

"இருக்கு. ஒழுகும்."

"ஒழுகறதை அடைக்கறதுதான் என் தொழில்."

அந்த முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. பொறியாளர் அவள் கணவனைப் பார்த்தார். "நீங்க?"

தராசுக்காரன் அப்பாவைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். "எனக்கும் போகணும்" என்றான். "அங்க பார்சல் ஆபீஸ்ல எடை போட ஆள் வேணும்னா சொல்லுங்க. இல்லைன்னாலும் வருவேன்."

"இவனுமா" என்றார் இரும்புக்காரர், யாருக்கும் கேட்காதபடி.

"மருமக மலையேறிக் கரி அள்ளப் போறாளாம்" என்றார் பிறகு, கேட்கும்படி. "வீட்டுல என்ன குறை வச்சோம்?"

"குறையெல்லாம் இல்ல மாமா."

"இது உங்க வளர்ப்பு" என்றார் செம்புக்காரரிடம்.

"கல்யாணத்துக்கு முந்தி இவ இப்படிப் பேசினதே இல்ல. உங்க வீட்டுத் தண்ணி."

பொறியாளர் இதற்கிடையில் விலையைக் குறைத்துச் சொன்னார். வேண்டாம் என்று எழுந்து போகிற தெம்பு சம்பந்திகளுக்கு இல்லை. போனால் திரும்ப அந்த நாற்காலிக்கும் குடைக்கும்தான் போக வேண்டும். குறைந்த விலையை எப்படிக் குறைவில்லாமல் ஆக்குவது, ஏற்றிப்போகும் செலவை யார் தலையில் கட்டுவது என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் இருமினால் மற்றவர் தொடர்ந்தார். நன்றாகத்தான் பேசினார்கள்.

பாய்லர்க்காரி அதைக் கேட்க நிற்கவில்லை. நெருப்பு எரிகிற பாய்லரை யாரும் பார்க்காமல் விட்டுவைக்கக் கூடாது. வெளியே வந்து ஏணியில் ஏறினாள். கண்ணாடியில் நீர்மட்டம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தொட்டியிலிருந்து பாய்லருக்குத் தண்ணீரை ஏற்றும் இன்ஜெக்டரைத் திறந்தாள். அது தண்ணீரைப் பிடிக்காமல் தரையில் கொட்டியது. மூடிவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி திறந்தாள். இந்தத் தடவை பிடித்தது. கொட்டுவது நின்று, மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது.

கணவன் ஏணியடியில் வந்து நின்றான். "உள்ள இன்னும் குறைச்சிட்டிருக்காரு. எங்கப்பா முகத்தைப் பாக்க முடியல."

அவள் நீர்மட்டம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தடிக் கம்பளி ரெண்டும் எந்தப் பெட்டியில இருக்கு?" என்று கேட்டாள்.